குட்டையில் நீலப் பொட்டு

இங்கிலாந்தில் நான் வேலை செய்யும் பூங்காவில் ஒரு பூச்சிக்குப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். ஊசித்தட்டான்தான். விரல் நீளம்கூட இல்லை. பச்சை மார்பு, கறுத்த மெல்லிய உடம்பு, வால் நுனியில் மட்டும் நீலப் பொட்டு. உட்கார்ந்தால் இறக்கையை முதுகின்மேல் மூடிக்கொள்ளும். சேர்ந்த புதிதில் குளத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். எங்கள் ஊர் தங்கவயலில் சுத்தம் என்றால் ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. பாசி, கோரை எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். மேற்பார்வை பார்க்கும் அம்மா வந்து, "எவ்வளவு சுத்தம்!" என்றார். "தாங்க்யூ" என்றேன். அவர் கண் கலங்கியதைப் பிறகுதான் பார்த்தேன். தண்டு இல்லாவிட்டால் அது எங்கே உட்காரும், எங்கே முட்டை வைக்கும்? அடுத்த கோடைவரை அந்தப் பலகை வெறும் தண்ணீரைப் பார்த்து நின்றது.

இந்த லீவுக்கு ஊருக்கு, ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் இருக்கும் அக்கா ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தேன். ஞாயிறு காலை, சர்ச் முடிந்து இருவரும் மாரிகுப்பம் பக்கமாக நடந்தோம். சுரங்க மண்மேட்டுக்குக் கீழே ஒரு குட்டை. பெங்களூரிலிருந்து பூச்சிகளைப் பதிவு செய்கிற நாலு பேர் அதன் கரையில் நின்று கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குட்டைக்கும் ஒரு பதிவுத் தாள். "இல்லி ஏனூ இல்லா" என்றார் கன்னடத்தில், அவர்களில் மூத்த பெண். இங்கே ஒன்றும் இல்லையாம். தங்கம் பிரிக்கச் சயனைடு ஊற்றிய மண்ணாம், செத்த தண்ணீராம். எழுதப் பேனாவைத் திறந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. சுரங்கம் மூடிய நாளிலிருந்து எங்கள் ஊரைப் பற்றி எல்லோரும் எழுதுவது இதைத்தான். தாளில் ஏறிவிட்டால் அப்புறம் இறங்காது.

"ஒரு நிமிஷம் நில்லுங்க மேடம்."

நான்கு வருஷம் சுரங்கத்துக்குள் வேலை செய்தவன் நான். அங்கே நின்றுகொண்டு எதையும் தேட முடியாது, கூரை இடிக்கும். படுத்துத்தான் பார்க்க வேண்டும். கரைச் சேற்றில் குப்புறப் படுத்தேன்.

"இன்னாடா இது! லண்டன்ல இருந்து சேத்துல உருளவா வந்த? அந்தச் சட்டைய நான் துவைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"கம்முனு இரு, அக்கா. உன் நிழலு தண்ணில விழுது."

கோரைத்தண்டுகளுக்கு நடுவே, தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு நீலப் பொட்டு நகர்ந்தது. பின்னால் இன்னொன்று. காற்று நுழையாத அந்த இடுக்கில்தான் அவை இருக்கும். நின்றபடி மேலிருந்து தேடுகிறவர் கண்ணில் படாது. நாலு பேரும் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். ஏழு என்றார்கள். பன்னிரண்டு என்றார்கள். இருபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். ஒன்று வாலை வளைத்துத் தண்டில் முட்டை வைத்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா மேடம்? வந்து போற விருந்தாளி இல்ல. இங்கயே குடித்தனம் பண்ணுது."

"ஆமா சார்," என்றார், இப்போது தமிழில். மூக்கில் சேறு, வாயெல்லாம் சிரிப்பு.

"இங்கிலாந்துல நான் வேலை செய்யற பூங்காவுல இருக்கறதும் இதுதானே?"

"இல்ல, இது அதோட பங்காளி."

அங்கே அது கோடைக்கு மட்டும் வரும். இது வருஷம் முழுக்க இருக்குமாம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தாளில் எங்கள் குட்டைக்கு நேரே பூச்சியின் பெயர் ஏறியது. கண்டவர் பெயர், ஊர், பின்கோடு எழுத என்னிடம் நீட்டினார். ஸ்கெலட்டன், தங்கவயல் என்று பெரிதாக எழுதினேன். பின்கோடும் கை தானாக எழுதிவிட்டது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "நம்பருக்கு நடுவுல இன்னாடா இங்கிலீஷ் எழுத்து? தபால்காரரு எங்க போவாரு?"

நான் எழுதியது இங்கிலாந்து வீட்டின் பின்கோடு. எங்கள் ஊர் எண் ஞாபகம் வரவில்லை. அக்கா ஒவ்வொன்றாகச் சொல்ல, பக்கத்திலேயே எழுதினேன். முதலில் எழுதியதை அடிக்கவில்லை. ஒரே கட்டத்தில் இரண்டும், சேற்றுக் கைரேகையோடு.