மொட்டை மாமாவுக்குக் கால் இல்லை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். பத்திரிகை வேலை பார்த்தவள். யார் பார்த்தது, எங்கே நின்று பார்த்தது என்று கேட்டே பழகியவள். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் வருத்தப்பட மாட்டேன்.

எண்பதுகளின் நடுவில், கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்கு விடுமுறைக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் மீனாவுக்கு நான்கு வயது. அப்போது டிவியில் ஒரு பிஸ்கட் விளம்பரம் வரும். மொட்டைத் தலையும் தொங்கு மீசையுமாக ஒரு பொம்மை, மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு பிஸ்கட்டைக் காப்பியில் நனைக்கும். ஒவ்வொரு முறையும் அது உடைந்து உள்ளே விழும். கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, கரகரத்த குரலில் "அலாமாக்" என்று தலையில் கை வைக்கும். பேச்செல்லாம் மலாய். மீனாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது, ஆனாலும் மொட்டை மாமா வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

"பெத்த அப்பன் லோரிய விட்டு இறங்கினாக்கூட இவ இப்படிச் சிரிக்க மாட்டா லா" என்பார் அண்ணி.

ஒரு நாள் மாலை அண்ணி துணி மடித்துவிட்டுத் திரும்பினால் குழந்தையைக் காணவில்லை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள், அண்ணியும் நானும் செம்பனைக்குள் போனோம். அங்கே பெரிய வடிகால் ஒன்று இருந்தது. கடல் ஏறும்போது கரை வரை தண்ணீர் நிற்கும், மேலே பாசி மூடிப் புல்தரை மாதிரியே தெரியும். அண்ணியின் கால் அந்தப் பக்கம்தான் போனது.

"அலாமாக்."

அதே கரகரப்பு. பின்னாலேயே மீனாவின் சிரிப்பு.

"யார் வீட்டு டிவி?" என்றார் அண்ணி.

சுற்றிலும் மரங்கள்தான். தோட்டத்து ஜெனரேட்டரை இருட்டிய பிறகுதான் போடுவார்கள், அதுவரை எந்த வீட்டிலும் டிவி ஓடாது. நம்பினால் நம்புங்கள், அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் நடந்தோம். வடிகால் கரையில், இன்னும் இரண்டு எட்டு வைத்தால் தண்ணீர் என்கிற இடத்தில், மீனா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணி வாரி எடுத்தார். "யாருகூடடி பேசிக்கிட்டிருந்தே?"

"மொட்டை மாமாகூட. அவருக்குக் காலே இல்லம்மா. நீயும் நடக்காத, இங்கயே உக்காருன்னாரு."

"தமிழ்லயா சொன்னாரு?" என்று கேட்டேன்.

என்ன கேள்வி இது என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"மாமா பிஸ்கட் குடுத்தாரா?" அண்ணி அழுதுகொண்டே கேட்டார்.

"எங்க குடுத்தாரு, தண்ணில விழுந்துருச்சு."

அந்த அழுகையிலும் அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மீனா இப்போது புஞ்சாக் ஆலாமில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அந்த மாலையும் அவளுக்கு நினைவில்லை, அந்த விளம்பரமும் நினைவில்லை. பொம்மையை நினைத்து எனக்குப் பயமும் இல்லை. அது யாராக இருந்தாலும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

என்னை உறுத்துவது வேறு. திரும்பி வரும்போது அண்ணி முன்னால் நடந்தார், நான் பின்னால். அவர் தோளுக்கு மேலாக மீனா வடிகாலைப் பார்த்து டாட்டா காட்டினாள். மொட்டை மாமாவுக்கு என்று நினைத்தேன். கண்ணைச் சற்று நகர்த்தி இன்னொரு டாட்டா காட்டினாள். பிறகு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு சிறு பிள்ளை உட்கார்ந்தால் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் பார்த்து, ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்பதுபோல நிதானமாகக் காட்டிக்கொண்டே வந்தாள்.

நான் அவள் முகத்தையே பார்த்தபடி நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.