நாலு பேர் தூக்க வேண்டிய தொட்டி

கல்யாணமாகி ஊரப்பாக்கத்துக்குப் போனபோது தம்பி இரண்டு சூட்கேஸ்கள் மட்டும்தான் கொண்டுபோனான். மீன் தொட்டியை விட்டுவிட்டுப் போனான். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். உள்ளே விரித்த கையை விடப் பெரிய இரண்டு ஆஸ்கர் மீன்கள். அவன் மனைவியின் வீடு மூன்றாவது மாடி, ஹாலும் சின்னது. “யாருக்காவது குடுத்துடுக்கா” என்றான். சரி என்றேன். கொடுக்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் போனபிறகு பதினோரு வருஷம் நானும் அவனும் செம்பாக்கத்தில் இந்தத் தரைத்தள வீட்டில் இருந்தோம். அவனுக்கு நாற்பத்து நான்கு வயதில் கல்யாணம் ஆனது. எனக்கு ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களும் இப்போது இல்லை. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. செய்து வரும் பாகங்கள் அளவில் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் பிரிவு. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்து கதவைத் திறந்தால் தொட்டியின் மோட்டார் சத்தம் கேட்கும். விளக்கைப் போட்டதும் இரண்டு மீன்களும் கண்ணாடியருகே வந்து நிற்கும். தீனிக்காகத்தான் என்று தெரியும். ஆனாலும் செருப்பைக் கழற்றும்போதே “வந்துட்டேன், இருங்க” என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு நான் வீட்டில் பேசும் முதல் பேச்சு அதுதான். பல நாள் கடைசிப் பேச்சும் அதுவே.

தொட்டிக்குக் கீழே இருந்தது கடையில் வாங்கிய ஸ்டாண்ட். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஒரு நாள் அதன் கதவு மூடவில்லை. குனிந்து பார்த்தேன். அடிப்பலகை ஈரம் குடித்து, பாலில் போட்ட ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. நிமிர்ந்தபோதுதான் தண்ணீரைக் கவனித்தேன். இடது ஓரத்தில் அது கண்ணாடி விளிம்பை நெருங்கியிருந்தது, வலது ஓரத்தில் இறங்கியிருந்தது. தொட்டி சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீரும் கண்ணாடியும் சேர்ந்து அறுநூறு கிலோவுக்கு மேல்.

தம்பிக்குப் போன் செய்தேன். “ஞாயித்துக்கெழம வரேன்க்கா” என்றான். அன்றே பாதித் தண்ணீருக்கு மேல் இறைத்துவிட்டு, மீன்களை ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில் விட்டு, காற்றுக் குழாயைப் போட்டேன். பிறகு மிச்சத்தையும் இறைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சிக்கன் வாங்கி வைத்தேன். மத்தியானம் அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. மாமனாருக்கு உடம்பு சரியில்லை. அடுத்த ஞாயிறும் சமைத்து வைத்தேன், அன்று மெசேஜும் வரவில்லை. டிரம்மை எட்டிப் பார்த்தால் இருட்டில் இரண்டு முதுகுகள் மட்டும் தெரிந்தன. திரும்பவே இடமில்லாமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போது ஒரு பழைய ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் படம் போட்டேன். மேலே பலகை போட்ட ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், நடுவில் ஆறு கால்கள். எடை ஸ்க்ரூவின் மேல் விழக்கூடாது. மேல்சட்டம் நேரே கால்களின் தலையில் உட்கார வேண்டும், கால்கள் கீழ்ச்சட்டத்தின் மேல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கேம்ப் ரோட்டில் ஒரு மரக்கடை இருக்கிறது. கடைக்காரர் பாய், அறுபது வயதிருக்கும். படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“கார்பெண்டர் வரலியாம்மா? அவரு வந்து மரம் பாத்தா நல்லாருக்கும்.”

“நான்தான் பாய் செய்யப்போறேன்.”

என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “வூட்ல வேற யாரும் இல்லியா?”

“இல்ல.”

அதற்குமேல் கேட்கவில்லை. கோங்கு மரத்தில் சட்டங்களை எடுத்து, ஒரு கண்ணை மூடி ஒவ்வொன்றாக நீளவாக்கில் பார்த்து, வளைந்ததைத் தள்ளிவிட்டு, நேராக இருந்ததை மட்டும் அறுத்துக் கொடுத்தார். “முடிச்சதும் சொல்லும்மா. நான் வந்து பாக்கணும்” என்றார். கடைக்காரர்கள் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் லீவு போட்டேன். காரணம் என்ன என்று மேனேஜர் கேட்டதற்கு, வீட்டில் வேலை என்றேன். உண்மைதானே.

கார் நிறுத்துமிடத்தில் வைத்துச் செய்தேன். தம்பி விட்டுப்போன டிரில்லிங் மெஷின், ஒரு மூலைமட்டம், உப்புத்தாள், மரப்பசை. மரவேலை அப்படியொன்றும் கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் இன்னொரு கை இல்லாததுதான். டேப்பின் ஒரு முனையை நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்து மறுமுனையை இழுத்து அளந்தேன். ஒட்டிய மூலைகள் காயும்வரை பிடித்துக்கொள்ள ஆளில்லை, துணி காயப்போடும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே அரிசி மூட்டையை ஏற்றினேன். எங்கள் கட்டிடத்தில் எட்டு வீடுகள். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். ஒருவர், “ஆர்டர் எல்லாம் எடுக்கிறீங்களா?” என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

நானே ரம்பம் போட்டுச் சரிசெய்த கால் ஒன்று நான்கு மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. அட்டை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் செய்த தப்பை ரிஜெக்ட் செய்து சம்பளம் வாங்குகிறவள் நான். திரும்பவும் பாயிடம் போய் வேறு கால் அறுத்து வாங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை வார்னிஷ் காய்ந்ததும் ஸ்டாண்டை ஒரு பழைய போர்வையின் மேல் நிறுத்தி, இழுத்து இழுத்து ஹாலுக்குள் கொண்டுவந்தேன். ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. எடை தாங்குகிறதா என்று பார்க்க வேண்டுமே. தண்ணீர் கேன்கள், அரிசி, பழைய டிக்‌ஷனரிகள், கிரைண்டர் எல்லாவற்றையும் ஒரு பாதியில் ஏற்றினேன். வீட்டில் இன்னும் என்ன கனமாக இருக்கிறது என்று தேடினேன். நான்தான் இருந்தேன். மறுபாதியில் ஏறி, காலை மடக்கிப் படுத்தேன்.

ஒரு முனகல்கூட இல்லை. மரம் அப்படியே நின்றது. எனக்கு ஏனோ இறங்கத் தோன்றவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். டிரம்மோ, மீனோ, தம்பியோ எதுவும் மனதில் இல்லை. இப்படியே நான் எழுந்திருக்காவிட்டால் யாருக்கு எப்போது தெரியவரும் என்று ஒரு கணக்குப் போட்டேன். லீவு முடிந்து திங்கட்கிழமை பஸ்ஸில் என்னைக் காணாமல் யாராவது தேடலாம். செவ்வாயாகவும் இருக்கலாம். கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போயிற்று.

“ஐயோ! அக்கா! என்னாச்சு?”

வார்னிஷ் வாசனை போவதற்காக வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தேன். மாடி வீட்டு டீச்சர் ஸ்கூல் பையோடு நின்றுகொண்டிருந்தாள். ஆறு வருஷமாக மாடிப்படியில் சிரித்ததைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. முகம் வெளுத்திருந்தது.

எழுந்து உட்கார்ந்தேன். “ஒண்ணுமில்ல. லோட் டெஸ்ட்.”

“என்னது?”

“வெயிட் தாங்குதான்னு பாக்கறேன்.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பயத்தில் வந்த சிரிப்பு, நிற்கவேயில்லை. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் தைரியத்தில்தான் கேட்டேன். “தொட்டியத் தூக்கி வைக்க நாலு பேர் வேணும். ஞாயித்துக்கெழம கொஞ்சம் வர முடியுமா?” நாலு பேர் என்று சொன்ன பிறகு, சற்றுமுன் நான் கிடந்த கிடை நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“சர்ச் முடிஞ்சு வந்துடறோம்க்கா. நானும் எங்க வீட்டுக்காரரும் ரெண்டு. நீங்க மூணு. இன்னொருத்தர்?”

போனை எடுத்து மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தேன். கேஸ், பிளம்பர், பேங்க், கூட வேலை செய்கிறவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள் என்று இவர்களில் யாரையும் நான் கூப்பிட்டதில்லை. கடைசியில் மரக்கடை பில்லில் இருந்த நம்பருக்கு அடித்தேன்.

“நான்தான் சொன்னனேம்மா, பாக்கணும்னு” என்றார் பாய்.

ஞாயிறு பதினொரு மணிக்கு வந்தார். வந்ததும் தொட்டியைப் பார்க்கவில்லை. குனிந்து ஸ்டாண்டின் மூலைகளில் விரல் வைத்துத் தடவி, இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்தார். “நிக்கும்மா. நல்லா நிக்கும்” என்றார். பிறகு நாலு பேரும் மூலைக்கு ஒருவராகப் பிடித்து, டீச்சரின் கணவர் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ண, பழையதிலிருந்து தூக்கிப் புதியதில் விரித்திருந்த தெர்மோகோல் மேல் இறக்கினோம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டீ போட்டேன். வீட்டில் நாலு டம்ளர் இருந்தது எனக்கே ஆச்சரியம். அரைமணி நேரத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். கதவைச் சாத்தியதும் வீடு முன்பைவிட அமைதியாகத் தெரிந்தது.

குழாய் போட்டு நிரப்பச் சாயங்காலம் ஆயிற்று. தண்ணீர் இரண்டு ஓரத்திலும் ஒரே அளவில் நின்றது. மீன்கள் இரண்டு நாள் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. மூன்றாம் நாள் சாப்பிட்டன.

தம்பி ஒரு மாதம் கழித்து வந்தான். ஸ்டாண்டை உட்கார்ந்து பார்த்தான்.

“யாருக்கா செஞ்சா?”

“நான்.”

“நீயா? என்னக் கூப்பிட்டிருக்கலாம்ல?”

“கூப்பிட்டேன்டா. ரெண்டு ஞாயிறு சமைச்சு வெச்சுட்டு ஒக்காந்திருந்தேன்.”

அவன் கண்ணாடியில் விரலை வைத்தான். மீன்கள் அவன் பக்கம் வரவில்லை, நான் நின்றிருந்த பக்கமே சுற்றின. “என்ன மறந்துடுச்சுங்க” என்றான். சிரித்துச் சொல்லப் பார்த்தான், வரவில்லை. ஸ்டாண்டைத் தடவிக்கொண்டே, “அங்க எனக்குன்னு ஒரு நாற்காலிகூட இல்லக்கா” என்றான். இன்னும் ஏதோ சொல்வான் என்று காத்திருந்தேன். சாப்பிட்டான், மணி பார்த்தான், தாம்பரம் போய் ரயில் பிடிக்க வேண்டும் என்று எழுந்தான். ஷேர் ஆட்டோ வரும்வரை அவனோடு ரோட்டில் நின்றேன். “அடுத்த வாரம் வரேன்” என்றான். சரி என்றேன்.

திரும்பி வரும்போது டீச்சர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கையாட்டினாள். நானும் ஆட்டினேன். உள்ளே வந்து, மறுநாள் வேலைக்குப் போட வேண்டிய யூனிஃபார்மைத் தேய்த்து வைத்தேன்.