ராஜாவின் கன்னத்தில் சந்தனப் பொட்டு

1. ஆல்பம்

டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு உங்களிடம் இருந்தால் தயவுசெய்து எனக்குப் போன் செய்யாதீர்கள். அது ஐந்து லட்சத்துக்குப் போகாது. போனில் வந்த வீடியோவை நம்பி, ஜீயபுரத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிய வேனில் வந்து இறங்கி, "பணமா வேணாம் பாய், அக்கவுண்ட்ல போட்டுருங்க" என்று கடை வாசலில் நின்றவர்கள் உண்டு. பாலக்கரையில் பழைய நோட்டு வாங்கி விற்றே என் தலை நரைத்துவிட்டது. எனக்கு பிரஷர் வந்ததற்குப் பாதிக் காரணம் அந்த டிராக்டர்.

மீதிப் பாதி ஸ்ரீரங்கத்து ஆல்பம்.

ஆல்பத்தோடு என்னைக் கூப்பிட்டவர் வேதவல்லி டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுக்கையில் கிடந்த அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவர் அவர்தான். அப்பா போன பிறகு மிஞ்சியவை இரண்டு: சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு, அப்பா ஆசை ஆசையாகச் சேர்த்த பழைய நோட்டு ஆல்பம். இரண்டிலும் சென்னையில் இருக்கும் அண்ணன் சௌந்தரராஜனுக்குப் பாதி. வீட்டை ஒரு பில்டருக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது அண்ணன் கட்சி. அவர் பங்குப் பணத்தைக் கொடுத்துவிட்டால் வீடு தங்கைக்கு. டீச்சர் தன் சேமிப்பையெல்லாம் வழித்துப் போட்டும் துண்டு விழுந்தது. ஆல்பத்தில் தனக்கு வரும் பாதி அந்தத் துண்டை அடைத்தால் வீடு நிற்கும். இல்லாவிட்டால் இந்த வயதில் வாடகை வீடு தேட வேண்டும்.

ஆல்பத்தைப் பிரித்தேன். முதல் பக்கங்களில் இருந்ததெல்லாம் சாதா சரக்கு. கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிரீடம் வைத்த வெள்ளைக்கார ராஜா படம் போட்ட ஆயிரம் ரூபாய் நோட்டு! மடிப்பு இல்லை, பின் குத்திய ஓட்டை இல்லை, ஒரு கறை இல்லை. எங்கள் பாஷையில் யு.என்.சி. அதாவது கைபடாத நோட்டு.

"இது ஒண்ணே பத்து லட்சத்துக்குப் போகுங்க!" என்று கூடமே கேட்கும்படி சொல்லிவிட்டேன்.

நவராத்திரிக்கு மனைவியோடு வந்திருந்த அண்ணன், அதுவரை படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"ஒரு கறை பட்டாலும் பாதி விலை வராது. பிளாஸ்டிக் உறையிலேர்ந்து வெளியவே எடுக்காதீங்க. பூஜை லீவு முடிஞ்சதும் வந்து ஏலத்துக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றேன். நோட்டின் நம்பரைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன். இத்தனையும் நடந்தபோது அண்ணன் மனைவி பத்மா மாமி அடுக்களையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன எச்சரிக்கை அவர் காதில் விழவில்லை.

2. பூஜைக்குப் பிறகு

விஜயதசமி கழித்துப் போனேன். கூடத்தில் மரப்பலகை மேல் பூ வைத்து ஆல்பம் இருந்தது. பிரித்தேன்.

யா அல்லாஹ்!

எல்லா நோட்டிலும் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று பாகுபாடே இல்லை. கடைசிப் பக்கத்தில் ராஜாவுக்கும் வைத்திருந்தது. நெற்றியில் கிரீடம் இடித்ததால் கன்னத்தில். நலங்கு வைத்த மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

"யாருங்க இந்த வேலையைப் பார்த்தது?" என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

பத்மா மாமி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "நான்தான் பாய். ஆத்துல ஃபிரிட்ஜ், மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாத்துக்கும் வெச்சேன். நல்ல விலைக்குப் போக வேண்டிய வஸ்து, இதை மட்டும் விடலாமோ? பிளாஸ்டிக் மேல வெச்சா ஒட்டல. அதான் ஒண்ணொண்ணா வெளில எடுத்து வெச்சேன்."

பொட்டு வைப்பதில் எனக்கு என்ன தகராறு? என் கடை ஷட்டருக்கே பக்கத்துக் கடை செட்டியார் வருஷா வருஷம் வைத்துவிட்டுப் போவார். பொரி கொடுப்பார், நானும் வாங்கித் தின்பேன். ஆனால் பத்து லட்ச ரூபாய் நோட்டில் வைப்பார்களா? வாய்க்கு வந்தபடி கத்தினேன். "ஸ்கூட்டர்னா துடைச்சுக்கலாம், இதைத் துடைக்க முடியுமா? தண்ணி பட்டா இருக்கிறதும் போச்சுங்க!" என்று நான் கத்தக் கத்த மாமியின் சிரிப்பு அழுகையாக மாறியது.

டீச்சர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "போகட்டும் மன்னி, அழாதீங்கோ. பகவான் விட்ட வழி" என்றார். அவர் மன்னியைத் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அண்ணன் மட்டும் தட்டில் இருந்த சுண்டலை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார். இவருக்கும் பாதிப் பங்கு போகிறதே, மனுஷனுக்குப் பதறவில்லையே என்று எனக்கு ஆச்சரியம்.

கறை எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க ராஜாவை உறையிலிருந்து எடுத்தேன். விரலில் பட்டதுமே சுருக்கென்றது. வழுவழு தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நிஜ நோட்டென்றால் தாளுக்குள் வாட்டர்மார்க் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை.

"இது நோட்டே இல்லீங்க. கலர் ஜெராக்ஸ்."

"ஐயோ, என் சந்தனத்துல கரைஞ்சு போயிடுத்தா?" என்று மாமி பெரிதாக அழ ஆரம்பித்தார்.

"சந்தனத்துல நோட்டு ஜெராக்ஸா மாறாதும்மா. யாரோ மாத்தியிருக்காங்க." போனை எடுத்தேன். "நம்பர் என்கிட்ட இருக்கு. இந்தியா பூராவும் இருக்கிற டீலருங்க குரூப்ல இப்பவே போட்டுடறேன். விக்க வர்றவன் கம்பி எண்ணட்டும். அப்படியே போலீஸ்லயும் ஒரு புகார் குடுத்துடுவோம்."

அண்ணனுக்குச் சுண்டல் புரையேறியது. இருமி முடித்து, தண்ணீர் குடித்து, உள்ளே போய், தன் முதுகுவலி எக்ஸ்ரே கவரோடு வந்தார். கவருக்குள் முதுகெலும்புப் படம். அதற்குப் பின்னால் பொட்டு இல்லாத ராஜா, அச்சடித்த அன்று இருந்தபடியே.

"பத்திரமா இருக்கட்டுமேன்னு எடுத்து வெச்சேன்" என்றார்.

மாமி சட்டென்று அழுகையை நிறுத்தினார். "ஏன்னா, பத்திரமா வெக்கறதுக்கு எதுக்கு கலர் ஜெராக்ஸ்?"

அண்ணன் எக்ஸ்ரே படத்தை மறுபடி கவருக்குள் செருக ஆரம்பித்தார்.

நான் நோட்டை லென்ஸில் பார்த்தேன். வாட்டர்மார்க் இருந்தது. நம்பர் சரி. அடுத்த நிமிஷம் எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. இந்த மனுஷன் மட்டும் யோக்கியனாக இருந்திருந்தால் பத்து லட்சமும் சந்தனத்தோடு போயிருக்கும்! திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா? மாமிக்கு அந்தக் குழப்பமே இல்லை. "பெருமாள்தான் உங்க புத்தியைக் கெடுத்து நோட்டைக் காப்பாத்தியிருக்கார்" என்று முடித்துவிட்டார்.

3. பத்திர ஆபீஸ்

மும்பையில் ஏலம் விட்டார்கள். நான் சொன்னதற்கு மேலேயே போயிற்று. பொட்டு வைத்த நோட்டுகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளினேன்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வாரிசுகள் கூடியிருக்கும் இடத்தில் விலையை வாயால் சொல்லாதே. எல்லோர் கையெழுத்தும் வாங்கி, ஆல்பத்தை அவர்கள் எதிரிலேயே சீல் வை. எதைத் தொடக்கூடாது என்பதை அடுக்களை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வா. அங்கே இருப்பவருக்குத்தான் அது முதலில் தெரிய வேண்டும்.

அண்ணன் வீட்டில் தன் பங்கைத் தங்கைக்கு விட்டு, விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த நாளில் நான் ஒரு சாட்சி. கையெழுத்து ஆயிற்று, பணம் கை மாறியது. வெளியே வேப்பமரத்தடியில் மாமியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணன் தங்கையிடம் பெருமையாக ஆரம்பித்தார்.

"நான் மட்டும் அன்னிக்கு எடுத்து வெக்கலேன்னா, இன்னிக்கு உனக்கு வீடு ஏது வேதா?"

எனக்கு நாக்கு துடித்தது. டீச்சர் என்னைப் பார்த்து வேண்டாம் என்பது போலத் தலையசைத்தார். பத்திரத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"வாஸ்தவம்தான் அண்ணா. நன்னா இரு. இனிமே என் ஆத்துக்கு வரச்சே மட்டும் வாசல்ல பெல் அடிச்சுட்டு வா. எந்நேரம் வந்தாலும் திறப்பேன், சாதம் போடுவேன். ஆனா பெல் அடிக்கணும்."

அண்ணன் வாயைத் திறந்தார்.

"நான் இவரை பெல் அடிக்க வெக்கறேன் வேதா" என்றார் பத்மா மாமி.