ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்த கதவு

என் அம்மாவை ஒரு பழைய சேலைத் துண்டால் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். ஆறு மாசமாக ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு, "அம்மாவை நல்லா வச்சிருக்காக" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். இருக்கன்குடி மாரியம்மன் என்னை ஒரு வெள்ளிக்கிழமை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்காவிட்டால் அம்மா இன்றைக்கு உயிரோடு இல்லை. ஆத்தாளை நம்புகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

நான் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அம்மா பேச்சியம்மாளும் அதே கம்பெனியில் வருஷக்கணக்காகச் சரவெடி பின்னியவள்தான். போன மாசியில் பக்கவாதம் வந்து அம்மாவுக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. என் மனைவி செல்விக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு வழி தெரியவில்லை. விருதுநகர் போகிற ரோட்டில், படுக்கையில் கிடப்பவர்களையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். நர்சு உண்டு என்றார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு ஞாயிறு காலை மட்டும்தான் அனுமதி.

ஞாயிற்றுக்கிழமை போனால் வாசலிலேயே பினாயில் மணக்கும். கட்டிலில் சலவை விரிப்பு. அம்மாவுக்குத் தலைசீவிப் பூ வைத்து நாற்காலியில் உட்கார்த்தியிருப்பார்கள். மேனேஜரம்மா பக்கத்திலேயே நிற்பார். "எப்படிம்மா இருக்கே?" என்றால் அம்மா அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நல்லாருக்கேன்யா" என்பாள்.

ஆனால் ஆள் வாரா வாரம் இளைத்துக்கொண்டே போனாள். கண் எப்போதும் சொருகியே இருந்தது. கேட்டால், "வயசாயிருச்சுல்ல அண்ணாச்சி, அப்படித்தான் இருக்கும்" என்பார் மேனேஜரம்மா. சீசன் நேரம். லோடு, ஆர்டர் என்று என் தலை சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

ஆனிக் கடைசியில் ஒரு ஞாயிறு, அம்மாவுக்குக் கழுத்தே நிற்கவில்லை. பவுடர் வாசனைக்கு அடியில் வேறொரு வாடை வந்தது. என்ன வாடை என்று புரியவில்லை. வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். "ஆத்தா, எனக்கு ஒண்ணும் விளங்கல. கண்ணு கேட்டு வாரவுகளுக்குக் கண்ணு குடுக்கிறவ நீ. எங்கம்மா எப்படி இருக்கான்னு எனக்குக் காட்டு. ஆடிக் கடைசி வெள்ளிக்கு நடந்தே வாரேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

சொன்னபடி ஆடிக் கடைசி வெள்ளியன்று மஞ்சள் வேட்டி கட்டி இருக்கன்குடிக்கு நடந்தேன். கூட்டத்தில் நெருக்கியடித்துத் தரிசனம் ஆயிற்று. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இருக்கன்குடித் துன்னூறை முதலில் பெற்றவள் நெற்றியில் பூச வேண்டும். அதற்கு முன்னால் வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது. அம்மாதான் வீட்டில் இல்லையே. அதனால் பஸ் பிடித்து நேராக இல்லத்துக்குப் போனேன். ஞாயிறு இல்லையே என்ற நினைப்பு, கேட்டில் கை வைத்தபோதுதான் வந்தது.

கிரில் கதவு வெளியே பூட்டியிருந்தது. எதிர்த்த டீக்கடையிலிருந்து வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு வந்திருக்கீக? சாவி மேனேஜரம்மாகிட்ட இருக்கு. சாப்பிட வீட்டுக்குப் போயிருக்காக."

"உள்ளே எத்தனை பேரு?"

"பன்னெண்டு பேரு."

"நர்சு இருக்காகளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவுக ஞாயித்துக்கிழமைதான் வருவாக."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஆள் உள்ளே இருக்கும்போது அறைக் கதவைப் பூட்டக் கூடாது. இது எங்கள் கம்பெனியில் நேற்றுச் சேர்ந்தவளுக்கும் தெரியும். தினமும் காலையில் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் நான் வேலையை ஆரம்பிப்பேன். அப்படிப்பட்டவன், பெற்றவளைக் கொண்டுபோய் விட்ட இடத்தில் கதவு எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. உள்ளே ஒரு தீப்பொறி விழுந்தால் எழுந்து நடக்க முடியாத பன்னிரண்டு பேரும் என்ன ஆவார்கள்?

கல்லை எடுத்தேன். "வம்பாயிரும் அண்ணாச்சி" என்றார் வாட்ச்மேன். ஆகட்டும் என்று பூட்டை உடைத்தேன்.

அம்மாவின் வலது கை, நல்லாயிருந்த அந்தக் கை, கட்டில் காலோடு கட்டியிருந்தது. விரிப்பு நனைந்து கிடந்தது. தண்ணீர்த் தம்ளர் எட்டாத தூரத்தில் மேஜைமேல் இருந்தது. புரட்டிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே குழி விழுந்த புண். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த வாடை அதுதான். துன்னூறு பூச நெற்றியைத் தொட்டேன், நெருப்பாகச் சுட்டது. அதற்குள் மேனேஜரம்மா வந்து, "உருண்டு விழுந்துருவாகன்னுதான் கட்டினோம், அவுக நல்லதுக்குத்தான்" என்றார். நான் அவருக்குச் சொன்ன பதிலை ஒரு பக்திப் பத்திரிகையில் எழுத முடியாது.

கட்டை அவிழ்த்துக்கொண்டே, "ஏம்மா, ஒரு ஞாயித்துக்கிழமையாவது எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அம்மாவுக்கு வாய் குழறியது. ஆனால் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"ஏலே, நீ வாரது இன்ஸ்பெக்சன்லே. இன்ஸ்பெக்சன் அன்னைக்கு யாரு உண்மையைச் சொல்லுவா?"

கம்பெனியில் நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஏழு பேரை வைத்திருப்போம். ஆபீசர் ஜீப் வருகிறது என்று தெரிந்தால், கூடுதல் ஆட்களைப் பின்வாசல் வழியாகக் கருவேலங்காட்டுக்கு அனுப்புவது என் வேலை. அம்மாவும் அப்படி எத்தனையோ தடவை அந்த முள்ளுக்குள் குத்தவைத்திருந்தவள். அனுப்பியவன் நான்தான். இந்த இல்லத்துக்காரர்களை நான் எந்த வாயால் திட்டுவது? ஆனாலும் திட்டினேன். இன்னமும் திட்டுகிறேன். என்னையும் சேர்த்துத்தான்.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கும் என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. இதற்கு மேல் ஆத்தா எனக்கு என்ன காட்ட வேண்டும்?

புண் ஆற மூன்று மாசம் ஆயிற்று. இப்போது அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். பகலில் தூக்கிப் புரட்ட ஒரு அம்மாள் வருகிறார். காலையும் ராத்திரியும் நான் செய்கிறேன். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். விசாரித்து, மறுபடியும் போட்டிருந்த பூட்டை எடுக்க வைத்தார்கள். அந்த இல்லத்தில் இருந்த மற்றவர்களின் பிள்ளைகளையும் தேடிப் போய்ச் சொன்னேன். சிலர் அன்றே அழைத்துப் போனார்கள். ஒருத்தர், "உங்க வேலையைப் பாருங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆறு மாசம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஐப்பசியில் கம்பெனிக்கு ஆபீசர் வந்தார். "ஆளுகளைப் பின்னாடி அனுப்பு" என்றார் முதலாளி. "இனிமே அனுப்ப மாட்டேன் முதலாளி. அறைக்கு நாலு பேருதான்" என்றேன். வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. போயிருந்தாலும் பரவாயில்லை.

ஆத்தாளிடம் கேளுங்கள். கேட்டதை அவள் காட்டுவாள். பார்க்கிற தைரியத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவோ அம்மாவோ இப்படி ஓர் இடத்தில் இருந்தால், அவள் துன்னூறை மடியில் முடிந்துகொண்டு போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.