மணிமொழி இறங்கிய தீவு

நாலைந்து உருண்டை மாவை எண்ணெயில் கிள்ளிப் போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மணிமொழி ஆணியைப் பார்ப்பாள். கடையின் மரத்தூணில் அடித்த ஆணி. அதில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும், பைக்குள் செல்போன். எண்ணெய்க் கை படாமலிருக்கப் பையின் மேலேயே விரலை வைத்துத் தேய்ப்பாள். திரையில் ஒரு விமானம் தீவுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். "எறங்கு, எறங்கு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அழுத்துவாள். பாராசூட் விரியும். போண்டாவைத் திருப்பிப் போடுவாள். அங்கே கால் தரையில் படுவதற்கும் இங்கே போண்டா சிவப்பதற்கும் சரியாக இருக்கும். அந்த நேரம் பார்த்துத் தங்க இறக்கை கட்டிய எவனாவது வந்து சுட்டுவிட்டுப் போவான். "அதுக்குள்ளயா?" என்பாள் மணிமொழி, கரண்டியில் எண்ணெயை வடித்தபடியே.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில், வளைவுகள் முடிந்து காற்று குளிர ஆரம்பிக்கும் இடத்தில் அவளுடைய டீக்கடை. ஏறுகிற பஸ்ஸும் இறங்குகிற பஸ்ஸும் அங்கே நின்றுதான் போகும். கணவன் மாதன் மரவள்ளிக் காட்டோடு இருப்பான். கடை அவள் பாடு. எதற்கும் பயப்படுகிற சுபாவம் அவளுக்கு. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் பத்தடி நடந்து திரும்பி வந்து, மூடியிருக்கிறதா என்று இன்னொரு தடவை திருகிப் பார்ப்பாள். கீழே இறங்கும் பஸ் கண்ணை விட்டு மறைந்து, அடுத்த வளைவில் மறுபடி தெரிகிற வரை கையில் வேலை ஓடாது. கடையில் சிக்னல் கிடைப்பது அந்த ஆணி இருக்கும் இடத்தில் மட்டும். அங்கிருந்து ஒரு சாண் நகர்த்தினால் திரை சுற்றிக்கொண்டே நிற்கும்.

துப்பாக்கியும் குண்டுமான விளையாட்டில் அவளுக்கு ஒரு பிடிப்பும் கிடையாது. அவளைத் தீவில் இறக்கிவிட்டது தம்பி அஜய்.

அம்மா போனபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் மணிமொழி. கள்ளக்குறிச்சியில் ஐடிஐ முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்று வீட்டோடு இருந்தவன், நாள் முழுக்க இந்தத் தீவிலேயே கிடந்தான். நன்றாகவும் ஆடினான். ஆனால் அதில் நன்றாக ஆடினால் மட்டும் போதாது. கவசம் வேண்டும், இறக்கை வேண்டும், குண்டு துளைக்காத சட்டை வேண்டும். எல்லாவற்றுக்கும் வைரம். வைரம் வாங்கப் பணம். ஒரு வருஷக் கிழங்குப் பணம் அப்பாவின் கணக்கிலிருந்து காணாமல் போனபோதுதான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. அப்பா பூமாலை கை ஓங்கவில்லை. வாசலில் நின்று, "போன்ல றெக்க வாங்கிக்கினல்ல? அதக் கட்டிக்கினு பறந்து போ. இந்த வூட்டுல உனக்கு வேல இல்ல" என்றார். அஜய் அன்றைக்கே போனான். ஓசூர்ப் பக்கம் கம்பெனியில் இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். அவன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது போன். தை போய், சித்திரை வந்தும் ஒரு தகவல் இல்லை.

அப்போதுதான் வீரமணி சொன்னான். மலைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் ஜீப் ஓட்டுகிறவன், அஜய்யோடு படித்தவன். டீயை வைத்துவிட்டுப் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அக்கா, அஜய் நல்லாத்தான் இருக்கான். இதோ பாரு, அவன் பேருக்குப் பக்கத்துல பச்சையா ஒரு புள்ளி எரியுதா? இப்ப ஆடிக்கினு இருக்கான்னு அர்த்தம்."

"எங்கடா இருக்கான்?"

"தீவுலக்கா."

"எந்தத் தீவுடா? பஸ்ஸு போவுமா?"

வீரமணி சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கிட்ட பேசணும்டா."

"நானும் மெசேஜ் போட்டுப் போட்டுப் பாத்துட்டேன், திரும்பியே பாக்கல. அவன் இருக்கற கூட்டத்துக்குள்ள நம்ம சேந்தா நேரா பேசலாம். ஆனா அதுக்குப் பவரு ஜாஸ்தி வேணும். எனக்கே கம்மின்னு தூக்கி வெளிய போட்டுட்டானுங்க."

"பவரு எப்பிடி ஏறும்?"

"சும்மா ஆடினா ரெண்டு வருசம். காசு போட்டா இன்னிக்கே."

காசு போடுவதாவது! அந்தக் காசுதானே வீட்டைப் பிரித்தது? ஆடியே ஏறிக்கொள்கிறேன் என்றாள். தன் போனில் விளையாட்டை ஏற்றச் சொன்னாள். பெயர் கேட்டது. 'மணி டீக்கடை' என்று போடச் சொன்னாள். தம்பி எங்காவது பார்த்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று.

தீவில் அவள் கற்றுக்கொண்ட முதல் விஷயம் ஒளிந்துகொள்வது. பாழடைந்த வீடுகள் அங்கே நிறைய; அவற்றில் குளிக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் கொஞ்ச நேரம் உயிர் ஓடும். வெளியே காலடிச் சத்தம் கேட்டால் இங்கே கடையிலும் மூச்சை அடக்கிக்கொள்வாள். கதவு உடைந்து, மினுமினுக்கும் கவசத்தோடு ஒருவன் நிற்பான். இவளும் சுடத்தான் செய்வாள். குண்டெல்லாம் அவன் மேல் பட்டு மழைத்தண்ணீர் மாதிரி வழிந்து போகும். "நான் ஒண்ணும் பண்ணலப்பா, சாமி" என்று சொல்வதற்குள் இவள் கீழே கிடப்பாள். செத்தவள் தலைக்கு மேல் அவன் ஒரு குத்தாட்டம் போட்டுவிட்டுப் போவான். அந்த ஆட்டத்தையும் வைரம் கொடுத்துத்தான் வாங்க வேண்டுமாம். உடனே திரையில் ஒரு பெட்டி குதிக்கும்: தோற்றுவிட்டீர்களா, இந்தக் கவசம் இருந்திருந்தால் தோற்றிருக்க மாட்டீர்கள், சலுகை இன்னும் சில நிமிடங்களுக்கு மட்டும்.

அவளோடு ஒரே அணியில் மாட்டிக்கொண்டவர்கள் பாடு தனி. ஒரு நாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். "யார்ரா அது, நம்ம டீம்ல டீ ஆத்துற சத்தம் கேக்குது?" என்று ஒரு குரல். "பஸ்ஸு ஹாரன் வேற அடிக்குதுடா" என்று இன்னொன்று. "நான் புதுசுப்பா, கோச்சுக்காத" என்றாள் மணிமொழி. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த நிமிஷம் அவளை விட்டுவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். வெட்டவெளியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. விளையாட்டுதானே என்று அவளால் நினைக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவை சாகும்போதும் தம்பி ஒரு அடி தள்ளிப் போகிற மாதிரி இருந்தது.

பவர் ஏறுகிற வழியாகக் காணோம். ஆனால் இன்னொரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அந்தக் கூட்டத்தின் பெயர்ப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விடிந்ததும் அடுப்பைப் பற்றவைக்கும் முன் அதைத் திறப்பாள். 'அஜய் மலை' என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சை இருந்தால் அன்றைக்குப் போண்டாவில் உப்பு சரியாக இருக்கும். அவன் ஆடிய ஆட்டங்களின் முடிவும் அதில் தெரியும். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்குப் புதிதாக ஒரு கவலை முளைத்தது.

"வீரமணி, அவனோட பழைய ஆட்டமெல்லாம் ஜெயிச்சதுதான். இப்ப பாரு, எறங்கினதும் சாவுறான். தெனமும் இதே கதிதான். ஒடம்புக்கு இன்னாவோடா."

"தூக்கக் கலக்கத்துல ஆடுவான்க்கா."

"இல்லடா. அவன் கை அப்பிடிப்பட்ட கை இல்ல."

அப்புறம் ஒரு நாள் புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டது. மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் ஓடிற்று. பாலைப் பொங்கவிட்டாள். மீதிச் சில்லறையை மாற்றிக் கொடுத்தாள். "இன்னாம்மா, போண்டா கரிஞ்சி கெடக்குது" என்று கண்டக்டர் தட்டைத் தள்ளினபோது, இரண்டாவது ஈடும் அடுப்பில் கருகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மத்தியானம் வீரமணி வந்ததும், எண்ணெய் டின் வாங்க வைத்திருந்த பணத்தை அவன் கையில் கொடுத்தாள்.

"வைரம் போடுடா."

"யோசிக்கா. ஒரு தடவ போட்டா இது நிக்காது."

"ஒரே தடவதான்."

வீரமணி தன் போனிலிருந்து பணம் கட்டினான். திரையில் பெட்டி ஒன்று குலுங்கி, புகை கக்கித் திறந்தது. உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு சட்டை. கவசம் இல்லை, இறக்கை இல்லை, வெறும் சட்டை. இந்தப் பெட்டியில் என்ன வரும் என்பது அதிர்ஷ்டம் என்றான் வீரமணி. மணிமொழி கல்லாவைத் திறந்தாள். அடுத்த பெட்டியிலும் ஒன்றுமில்லை. காலையிலிருந்து சேர்ந்த வியாபாரம் முழுவதையும் வழித்தெடுத்துக் கொடுத்தபோது, தம்பி எப்படி ஒரு வருஷக் கிழங்கை இதற்குள் கொட்டினான் என்பது அவளுக்கு முதல் முறையாகப் புரிந்தது. பயமாக இருந்தது. அப்பா அந்த நேரம் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று சாலையைப் பார்த்தாள். மூன்றாவது பெட்டியில் தங்க இறக்கையும் கவசமும் வந்தன.

இறக்கையோடு தீவில் இறங்கினாள். குண்டுகள் இப்போது அவள் மேல் பட்டு வழிந்தன. ஒரு வீட்டுக்குள் நுழைந்தாள். குளிக்கிற அறைக் கதவு சாத்தியிருந்தது. பழக்கத்தில் ஒளிந்துகொள்ளத்தான் திறந்தாள். உள்ளே வெறும் பனியனோடு ஒருவன் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். பதறிப்போய் விரல் அழுந்திவிட்டது. அவன் விழுந்தான். அவள் கொன்ற முதல் ஆள்.

"பாவம்டா, புதுசு" என்றாள். வெகு நேரம் முகம் தெளியவில்லை.

பவர் ஏறிவிட்டது. அன்று சாயங்காலமே கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதைவிட நல்ல சேதி, அஜய்யின் புள்ளி மறுபடி பச்சையாகியிருந்தது. வீரமணி மைக்கைத் திறந்து கொடுத்தான். வெள்ளிமலை பஸ் வந்து நின்று, ஆட்கள் டீ கேட்டார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை.

"அஜய்! டேய், அக்காடா. மணி அக்கா. நல்லாக்கிறியா?"

வந்த குரல் அஜய்யின் குரல் இல்லை. வயதான ஆளின் குரல். பின்னால் தறி ஓடுகிற தடதடப்பு.

"ஏனுங்க, யாருங்க நீங்க? அஜய்னு இங்க யாருமில்லீங்களே."

"அவன் பேரு போட்டிருக்குதே!"

"அதுங்களா? நான் காசிநாதனுங்க, பள்ளிபாளையம். தறி வெச்சிருக்கறனுங்க. நானும் இதுக்குப் புதுசுதானுங்க. எறங்கின உடனே சுட்டுப் போடறாங்க. நம்மளால முடியலீங்க. யாரோ ஒரு தம்பி, நல்லா ஏத்தி வெச்ச கணக்கை அப்படியே விக்கறேன்னு போட்டிருந்துது. வாங்கிப்போட்டனுங்க. பேரை மாத்தறதுக்கும் வைரம் கேக்கறாங்க, அதனால அப்படியே உட்டுட்டேன்."

மணிமொழி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதம் விடிந்ததும் அவள் பார்த்து நிம்மதியடைந்தது ஒரு தறிக்காரரின் விளக்கு. அந்த ஒரு வாரம் அது அணைந்திருந்ததற்கு ஊரில் நோம்பி, கோயில் திருவிழா என்று காரணம் சொன்னார் அவர்.

"எதுக்கு வித்தான்னு சொன்னானாங்க?" கேட்டு முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"சொல்லலீங்க." குரல் தணிந்தது. "அழாதீங்கம்மா. நான் பணம் போட்ட நம்பர் இருக்குதுங்க. தேடித் தர்றேன், இருங்க."

தறிச் சத்தம் நின்றது. காசிநாதன் ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, வீரமணி தன் போனில் அழுத்திக்கொண்டே வந்தான். மணி அடித்தது. மூன்றாவது முறை அடித்த பிறகுதான் எடுத்தான். "யாரு?" என்ற ஒற்றைச் சொல்லிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்காடா."

வைத்துவிடுவானோ என்று அவள் பதறி, "வெச்சிடாதடா, வெச்சிடாத" என்றாள்.

"வெக்கலக்கா."

"ஏன்டா வித்த? உசுரா வெச்சிக்கினு இருந்தியேடா அத."

"மிசின்ல கை மாட்டிக்கிச்சு. ரெண்டு வெரலு போச்சுக்கா. கட்ட வெரலும் பாதி இல்ல. அத வெச்சிக்கினு இன்னாத்த ஆடுறது? ஆஸ்பத்திரிக்கும் வேண்டியிருந்திச்சு." சற்று நிறுத்தினான். "அப்பாகிட்ட சொல்லாதக்கா. பணத்தையும் அழிச்சிட்டு, கையையும் அழிச்சிக்கினு வந்து நிக்கறான்னு சொல்லுவாரு."

அப்பாவிடம் அன்றைக்கே சொன்னாள். பெட்டிகளுக்குள் போன தன் கல்லாப் பணத்தையும் சேர்த்தே சொன்னாள். பூமாலை "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "வரச் சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினான் அஜய். இளைத்திருந்தான். வலது கையில் ஒரு துண்டைச் சுற்றி, தூங்குகிற குழந்தையைப் பிடித்திருப்பது போல் அதை மார்போடு அணைத்திருந்தான். காலையிலிருந்து கடையில் உட்கார்ந்திருந்த பூமாலை எழுந்துபோய் அவன் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அஜய் பெஞ்சின் ஓரத்தில், போவதா இருப்பதா என்று தெரியாதவன் போல உட்கார்ந்தான்.

மணிமொழி டீயை ஆற்றிக்கொண்டு வந்து அவன் முன்னால் நீட்டினாள். அவன் துண்டு சுற்றிய கை லேசாக அசைந்தது. அவள் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போய், கிளாஸை அவனுடைய இடப்பக்கம் வைத்தாள்.