நாலெழுத்து முற்றுகை

விரல்களை மடக்கி மடக்கி எண்ணுகிறார். "மு... ற்... று... கை. நாலே நாலு!" கட்டைவிரல் மிச்சம் நிற்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடுகிறது. "திரண்டனர்னு போட்டா ஆறு எழுத்து. இது ஒத்தைப் பத்தியில சப்பணம் போட்டு உக்காரும்."

நாளிதழில் தலைப்பு எழுதும் துணையாசிரியர் அவர். எப்போதோ இங்கே வேலை பார்த்த அவருடைய அண்ணன் மகள் 'சித்தப்பா' என்று கூப்பிட்டுப் பழக்கிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஆசிரியர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் சித்தப்பாதான். பக்கம் வடிவமைக்கும் எனக்கு அவருக்குப் பக்கத்து நாற்காலி.

அவர் கையில் சிக்கி முற்றுகையிடப்படாத இடம் எதுவும் இல்லை. நகைக்கடை முற்றுகை. நடிகை வீடு முற்றுகை. குரங்குகள் பள்ளியை முற்றுகை. வீட்டுக்குப் போன் போட்டாலும் அதே பேச்சுதான். "என்னது, பொண்ணு இன்னும் பாத்ரூம் முற்றுகையா?"

ஒருநாள் உள்ளூர் மருத்துவமனையில் லிஃப்ட் ஓடவில்லை என்று பன்னிரண்டு பேர் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். 'மருத்துவமனை முற்றுகை' என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

காலையில் அவருடைய அக்காவிடமிருந்து போன். அக்காவின் மகள் கடல் கடந்த ஓர் ஊரில் நர்ஸ். அந்த ஊரை நோக்கிப் படை நகர்ந்துகொண்டிருந்த நேரம். அக்கா தலைப்புக்குக் கீழே ஒரு வரி கூடப் படிக்கவில்லை.

"டேய், அவ இருக்கற ஆஸ்பத்திரியாடா?"

"ஐயோ, இல்லக்கா. இது நம்ம ஊரு. லிஃப்ட் ஓடலைன்னு பன்னெண்டு பேர்..."

"பன்னெண்டு பேரா? அதுக்குப் பேரு முற்றுகையா? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீ நல்லா இருப்படா!" என்று போனை வைத்துவிட்டாள்.

இதை எங்களிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இரண்டு நாள் அடக்கி வாசித்தார். மூன்றாம் நாள் செருப்புக்கடைத் தள்ளுபடிச் செய்தி வந்தது. பழக்கதோஷம், கை சும்மா இருக்கவில்லை.

அதற்கு மறுநாள் மாலை, அக்கா மகள் இருந்த நகரத்தை நாலு பக்கமும் படை சூழ்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் ஒன்றும் மடங்கவில்லை.

ஆசிரியர் மெதுவாக வந்தார். "சித்தப்பா, முற்றுகைன்னே போடுங்க. இதுதானே அசல் முற்றுகை?"

"நேத்து செருப்புக்கடைக்கு அதைத்தான் சார் போட்டேன். இன்னைக்கும் போட்டா அங்கயும் தள்ளுபடின்னு நெனச்சுக்குவாங்க."

என் பக்கம் திரும்பினார். "எனக்கு நாலு பத்தி வேணும்."

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு கோரிக்கையை நான் கேட்டதே இல்லை. அமைச்சரின் படத்தைச் சுருக்கி இடம் கொடுத்தேன். 'உள்ளே உணவு போக வழியில்லை. ஆறு லட்சம் பேர் வெளியே வர வழியில்லை' என்று எழுதினார்.

அதன் பிறகு நிருபர்கள் பாடு திண்டாட்டம்தான். பஸ் டிப்போவை மாணவர்கள் முற்றுகையிட்டதாக ஒருவர் எழுதி அனுப்பியதும் போனை எடுத்துவிட்டார்.

"எத்தனை பேருப்பா?"

"பதினெட்டு, சித்தப்பா."

"உள்ளே இருந்தவங்க வெளிய வர முடிஞ்சுதா? தண்ணி போச்சா?"

"டீயே போச்சு சித்தப்பா. மேனேஜர் எங்களுக்கும் குடுத்தாரு."

"அப்ப உக்காந்தாங்கன்னு எழுது."

பேச்சில் பழைய குறும்பு இருந்தது. ஆனால் அக்காவின் பெயர் போனில் மின்னும்போதெல்லாம், எடுப்பதற்கு முன் ஒருமுறை கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார்.

அந்த நகரம் சூழப்பட்ட பதினோராம் நாள் மதியம், பிழை பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெயர் மின்னியது. எடுத்தார். அக்கா போட்ட கூச்சல் எனக்கே கேட்டது.

"வந்துட்டாடா! வழி விட்டாங்களாம், எல்லையைத் தாண்டிட்டா! பஸ்ல இருக்காளாம், பசிக்குதுங்கறா!"

"சரிக்கா... சரி... சரிக்கா."

போனை வைத்தார். கண்ணாடியைக் கழற்றி, பிரிண்டரிலிருந்து அப்போதுதான் வந்து ஈரம் காயாமல் கிடந்த தாளை எடுத்து அழுத்தித் துடைத்தார். வில்லை இரண்டிலும் கறுப்பு மை அப்பிக்கொண்டது. அப்படியே மாட்டிக்கொண்டு, அடுத்த செய்தியின் மேல் குனிந்தார்.