ஹரோல்ட் இறுக்கிய நட்டு

எங்கள் எஸ்டேட்டில் வண்டி வைத்திருக்கிற எல்லாரும் நிறுத்தும்போது டயருக்கு அடியில் ஒரு கல்லை வைப்பார்கள். வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகள் மலைச்சரிவில் இருக்கின்றன, வேறு வழியில்லை. ஹரோல்ட் அண்ணன் மட்டும் வைக்க மாட்டார். "கல்லு வெக்கிறவன்லாம் டிரைவரா? ஹேண்ட்பிரேக் பின்ன எதுக்குலா இருக்கு?" என்பார். தேயிலைத் தொழிற்சாலையில் வெகுகாலம் லாரி ஓட்டியவர். ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டால் தனக்கு மேலே கர்த்தர் ஒருவர்தான் என்று அவருக்கு நினைப்பு.

அவர் வீட்டு வேன் பழசு. கதவை ஓங்கிச் சாத்தினால் ஜன்னல் கண்ணாடி தானாக இறங்கிவிடும். அதை ஓட்டியது அவர் மனைவி பார்பரா அண்ணி. காலையில் நான் உட்பட எங்கள் லைன் பெண்களை ஏற்றிக்கொண்டு, பக்கத்து ஊரான திரிங்காப்பில் நாங்கள் வேலை செய்யும் பூந்தோட்டத்துக்குப் போவார். வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து அவரவர் வாசலில் இறக்கிவிடுவார். வீட்டில் நாலு வார்த்தை பேச யோசிக்கிற மனுஷி, ஸ்டியரிங்கைப் பிடித்தால் பாட்டே பாடுவார்.

ஒரு நாள் நிறுத்தியிருந்த வேன் மெல்ல நகர்ந்து அம்மாக்கண்ணு அக்காவின் ரோஜாத் தொட்டிகள் மேல் ஏறிவிட்டது. அக்காவின் வாய் எங்கள் ஊரில் பேர்போனது. "கல்லு வெக்க மாட்டாராம், பெரிய டிரைவரு," என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே வேனுக்கு அடியில் படுத்து, ஹேண்ட்பிரேக் கேபிளின் நட்டை நன்றாக இறுக்கினார். பிறகு சரிவில் வேனை நிறுத்தி, கல் இல்லாமல் நிற்பதை எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சில நாட்களில் வேனுக்குள் தீய்ந்த வாசம் வர ஆரம்பித்தது. ஏற்றத்தில் வண்டி இழுக்க முடியாமல் முக்கியது. அண்ணி வீட்டில் சொல்லியிருக்கிறார். "நீ எறக்கத்துல பிரேக்க மிதிச்சிக்கிட்டே வருவ. சின்ன கியர்ல எறங்குனா வாசம் ஏன் வருது?" என்று சொன்னதோடு சரி, அண்ணன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அதே வாரம் வேலை முடிந்து திரும்பும்போது, நீளமான இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. அண்ணி மிதித்த பெடல் அடிவரை போய்விட்டது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலையோரக் கால்வாய். அண்ணி கத்தவில்லை. கியரைக் குறைத்து, வேனை மலைப்பக்கமாகத் திருப்பிக் கால்வாய்க்குள் இறக்கிவிட்டார். அம்மாக்கண்ணு அக்காவுக்கு முன்பல் ஒன்று போயிற்று. எங்களுக்கெல்லாம் சிராய்ப்புதான். இன்று நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றால் அது அண்ணி போட்ட பிச்சை.

தகவல் தெரிந்ததும் அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பின் சக்கரங்களில் புகை வருவதைப் பார்த்தார். நாங்களும், நிறுத்தி வேடிக்கை பார்த்த லாரிக்காரர்களும் சுற்றி நிற்க, "பிரேக்க மிதிச்சே வேக வெச்சிருக்கா. பொம்பள கையில காடிய குடுத்தது என் தப்பு," என்றார். அண்ணி தலையில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் தட்டாமல் சாவியை அவரிடம் நீட்டினார்.

அன்றோடு அண்ணி ஓட்டுவதை விட்டார். எங்களோடு பூக் கட்டுகிற வேலைக்கு வந்தார். அண்ணன் தொழிற்சாலையில் இரவு ஷிப்டுக்கு மாறி, பகலில் வேனை ஓட்டினார். வெந்துபோன பிரேக் லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மாட்டியிருந்தார். லைனிங் தேய்ந்து மெலிந்ததில் கேபிளின் இறுக்கம் தானாகத் தளர்ந்துவிட்டது. அது அப்போது யாருக்குத் தெரியும்? வாசம் நின்றதுதான் தெரிந்தது. "பாத்தீங்களா, நான் ஓட்டுறேன், வாசம் வருதா?" என்று கண்ணாடி வழியாக எங்களைக் கேட்பார். அண்ணி கடைசி இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு இறக்கத்திலும் அவருடைய வலது கால் வேனின் தரையை அழுத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வருடம் போனது. லைனிங் இன்னும் தேய்ந்ததால் ஹேண்ட்பிரேக் மறுபடி நழுவியது. அண்ணன் மறுபடி நட்டை இறுக்கினார். இரண்டாம் நாள் காலையில், ஏற்றத்தில் வேன் முக்கியது. அதே தீய்ந்த வாசம். இந்த முறை பிரேக்கின் மேல் இருந்தது அவர் கால்.

ஓரமாக நிறுத்தி இறங்கினார். ரேடியேட்டரைப் பார்த்தார், சூடு சரியாக இருந்தது. கிளட்சாக இருக்குமோ என்று மோந்து பார்த்தார், இல்லை. முன் சக்கரங்களில் கை வைத்தார், இளஞ்சூடு. பின் சக்கரத்தில் வைத்தவர் கையை உதறிக்கொண்டார். "கொஞ்சம் ஆறட்டும்," என்று மட்டும் சொன்னார்.

அன்று எங்களை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்து, முன் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். ஆமாம், கல்தான். ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினார். ஹேண்ட்பிரேக்கை முழுக்க இறக்கியிருந்தும் சக்கரம் கையால் சுற்ற வரவில்லை. கீழே படுத்து, தான் இறுக்கிய நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். சக்கரம் சுலபமாகச் சுழன்றது. மறுபடி இறுக்கிப் பார்த்தார், பிடித்துக்கொண்டது. போன வருடம் ரோஜாத் தொட்டி உடைந்த அன்று இறுக்கியது இதே நட்டு. அண்ணி பிரேக்கை மிதிக்காமலே வந்திருந்தாலும் அது உரசி உரசி வெந்துதான் போயிருக்கும். அண்ணன்தான் ஒவ்வொரு கிலோமீட்டரும் மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார், வீட்டில் இருந்தபடியே.

அவர் வெகுநேரம் வேனுக்கு அடியிலேயே கிடந்தார். நட்டைத் தளர்த்தி எங்களைத் திரும்பக் கூட்டிவந்த பிறகு, சாயங்காலம் அண்ணி கோப்பி கொண்டுவந்து, "கண்டுபிடிச்சாச்சா?" என்று கேட்டபோது, "சின்ன விஷயந்தான்," என்றாராம். அந்தப் பொய்தான் அவரை அரித்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவ அறிக்கை சொல்லும்போது அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் அண்ணி கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை.

அன்று மத்தியானம் அடுப்படிக்குப் போய்ச் சொல்லிவிட்டார். அண்ணி பின்னாளில் என்னிடம் சொன்னது இது.

"பார்பரா, அன்னிக்கு நீ ஒன்னும் பண்ணல. கேபிள நான்தான் இறுக்கிட்டேன். பிரேக்கு டிரம்மு வெந்தது என்னாலதான்."

அண்ணி பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அன்னிக்கு ரோட்டுல வெச்சு சொன்னீங்க," என்றார். "இத அடுப்படியில வந்து சொல்றீங்க."

மறுநாள் காலையில் நாங்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகும் அண்ணன் வண்டியை எடுக்கவில்லை. கதவருகே வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். நட்டில் ஆரம்பித்துக் கால்வாய் வரை ஒன்று விடாமல் சொன்னார். "ரோட்டுல நான் சொன்னது பொய். அவ உங்கள காப்பாத்துனா, நான் அவமானப்படுத்துனேன்," என்றார்.

அம்மாக்கண்ணு அக்கா பல் போன இடத்தை நாக்கால் தடவிக்கொண்டார். "அப்ப ஒரு வருஷமா நான் அந்தப் புள்ளைய திட்டுனதெல்லாம் ஒனக்கு சேர வேண்டியதா?"

"ஆமாக்கா."

"மொத்தமா வாங்கிக்க, அப்புறம் தர்றேன்," என்றார் அக்கா. பிறகு பின்னால் திரும்பி, "பார்பரா, நீ வந்து ஓட்டு," என்றார்.

அண்ணி அசையவில்லை. பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். அண்ணன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, முன்னால் போய் வண்டியை எடுத்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், அண்ணி தானாகவே சாவிக்குக் கை நீட்டினார். அண்ணன் கடைசி இருக்கையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அண்ணி எப்போதும் பாடுகிற பாட்டு வரவில்லை. முதல் ஏற்றம் முடிந்ததும் அண்ணி வேனை ஓரங்கட்டினார். இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துக்கொண்டு இறங்கி, டயருக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு பின்பக்கம் வந்து இரண்டு சக்கரங்களிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடா இருக்கா?" என்று ஜன்னல் வழியாக அம்மாக்கண்ணு அக்கா கேட்டார்.

"இல்லக்கா, சில்லுனுதான் இருக்கு. இருந்தாலும் அவரு செஞ்ச வேல. தொட்டுப் பாத்துக்கிறது நல்லது."

இன்றைக்கும் அண்ணி அந்த இடத்தில் நிறுத்தித் தொட்டுப் பார்க்கிறார். வேனில் ஹரோல்ட் அண்ணன் இருக்கிற நாட்களில், அவர் முதலில் இறங்கிச் செங்கல்லை வைத்துவிட்டு, அண்ணி பார்த்து முடிக்கும் வரை ஓரமாக நிற்பார்.